கனவுக்கும் தடை: பாரதியின் எழுத்தை பிரிட்டிஷ் அரசு எப்படியெல்லாம் பூட்டி வைத்தது?

ரே பிராட்பரி 1953-ல் எழுதிய ஃபாரன்ஹீட் 451 நாவலில் தீயணைப்பு வீரர்கள் தீயை அணைக்க மாட்டார்கள், வைப்பார்கள். யார் வீட்டில் புத்தகம் இருக்கிறதோ அங்கே மண்ணெண்ணெய் குழாயோடு போய் எரித்துவிட்டு வருவதுதான் அவர்கள் வேலை. காகிதம் தானாகத் தீப்பிடிக்கும் வெப்பநிலை என்று பிராட்பரி எடுத்துக்கொண்ட எண்தான் 451. நம்ம கணக்கில் சுமார் 233 டிகிரி செல்சியஸ்.

அந்த நாவலின் கடைசியில் ஒரு கூட்டம் வரும். ஊருக்கு வெளியே, தண்டவாளத்தின் ஓரமாகத் திரிகிற மனிதர்கள். ஆளுக்கொரு புத்தகத்தை மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். கையில் காகிதம் இல்லாததால் யாராலும் பறிக்க முடியாது.

இது அமெரிக்கக் கற்பனை. ஆனால் இதற்கு 25 வருஷம் முன்பே, 1928-ல், சென்னை திருவல்லிக்கேணியில் போலீஸ் போய் ஒரு கவிஞரின் பாட்டுப் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக அள்ளிக்கொண்டு போனது. அந்தக் கவிஞர் இறந்து 7 வருஷம் ஆகியிருந்தது. பாட்டுகளோ ஏற்கெனவே பல பேருக்கு மனப்பாடம்.

அந்தக் கவிஞர் சுப்பிரமணிய பாரதி. மீசை, முண்டாசு, ஸ்கூல் மனப்பாடச் செய்யுள் என்று எல்லாருக்கும் தெரிந்த பாரதிதான். ஆனால் அவருடைய வாழ்க்கையைத் தணிக்கை என்கிற ஒரே கோணத்தில் பார்த்தால், கிட்டத்தட்ட அந்த நாவலின் எல்லா அத்தியாயமும் அதில் இருக்கிறது.

எட்டயபுரத்திலிருந்து பத்திரிகை ஆபீஸுக்கு

பாரதி பிறந்தது 1882 டிசம்பர் 11, எட்டயபுரத்தில். அப்பா சின்னசாமி ஐயர், அம்மா லட்சுமி அம்மாள். ஐந்து வயசில் அம்மா போய்விட்டார். அப்பாவுக்கு இயந்திரங்கள் மேல் ஆசை. எட்டயபுரத்தில் பஞ்சு ஆலை தொடங்கி, போட்டியில் தாக்குப்பிடிக்க முடியாமல் பணத்தையெல்லாம் இழந்தார். 1897-ல் பாரதிக்குக் கல்யாணம். அவருக்கு 14 வயது, செல்லம்மாவுக்கு 7. அடுத்த வருஷம் அப்பாவும் இறந்துவிட, பாரதி காசிக்குப் போனார். பிறகு எட்டயபுரம் சமஸ்தானத்தில் கொஞ்ச காலம், 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதம் தமிழாசிரியர் வேலை.

அதே வருஷக் கடைசியில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். வேலை பெரும்பாலும் ஆங்கிலத் தந்திகளையும் பேச்சுகளையும் தமிழில் மொழிபெயர்ப்பது. மொழிநடையை அங்கே பழகிக்கொண்டார். ஆனால் சுதேசமித்திரன் மிதமான பத்திரிகை. வங்கப் பிரிவினைக்குப் பிறகு கொதித்துக் கிளம்பிய இளைஞர்களில் ஒருவரான பாரதிக்கு அந்த மிதம் போதவில்லை.

‘இந்தியா’வில் அப்படி என்ன இருந்தது?

1906 மே மாதம் சென்னையில் ‘இந்தியா’ வாரப் பத்திரிகை தொடங்கியது. மண்டயம் குடும்பத்தினர் பணம் போட்டார்கள், எழுதும் பொறுப்பு பாரதிக்கு. அரசைத் திட்டுவதில் மட்டும் அது வித்தியாசப்படவில்லை. தமிழ்ப் பத்திரிகைகளில் அரசியல் கார்ட்டூனைக் கொண்டுவந்து நிலைநிறுத்திய பெருமையும் ‘இந்தியா’வுக்குத்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சென்னை மாகாணத்தில் பத்தில் ஒருவருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாத காலம் அது. படம் போட்டால் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். பாட்டாக எழுதினால் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்டு வாயில் வைத்துக்கொள்வார்கள். அரசுக்குப் பயம் வந்ததும் இங்கேதான். கட்டுரை சந்தாதாரர் வீட்டோடு நின்றுவிடும், பாட்டு தெருவுக்குப் போய்விடும்.

1907-ல் வி. கிருஷ்ணசாமி ஐயர் பாரதியின் பாட்டுகள் சிலவற்றை 15,000 பிரதி அச்சடித்து இலவசமாக விநியோகித்தார். இவர் பாரதி திட்டித் தீர்த்த மிதவாத அணியைச் சேர்ந்தவர்! பாரதியின் அரசியல் பிடிக்காது, ஆனால் பாட்டைக் கேட்டதும் மனசு மாறிவிட்டது. 1908 தொடக்கத்தில் ‘ஸ்வதேச கீதங்கள்’ புத்தகமாகவே வந்தது. இருபது வருஷம் கழித்து போலீஸ் தேடி வரப்போவதும் இதே பெயரில் வந்த தொகுப்பைத்தான்.

1908: எழுதியவர் தப்பினார், பேர் போட்டவர் மாட்டிக்கிட்டார்

1908 மார்ச்சில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். திருநெல்வேலியில் கலவரம் வெடித்தது. ஜூலையில் தீர்ப்பு வந்தபோது வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, சிவாவுக்கு 10 வருஷம். குற்றம் என்ன? முக்கியமாக மேடைப் பேச்சு.

அடுத்து ‘இந்தியா’ மேல் கை வைத்தார்கள். ஆனால் அரசுப் பதிவேட்டில் பத்திரிகைக்குப் பொறுப்பாளராக இருந்த பெயர் பாரதி இல்லை, எம். சீனிவாசன். ஆகஸ்ட் மாதம் அவரைக் கைது செய்து வழக்கு நடத்தி, 5 வருஷம் தண்டனை கொடுத்தார்கள். அடுத்த வாரண்ட் தனக்குத்தான் என்று தெரிந்த பாரதி, நண்பர்கள் சொன்னபடி ரயிலேறி புதுச்சேரிக்குப் போய்விட்டார். அது பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் இருந்த ஊர், பிரிட்டிஷ் வாரண்ட் அங்கே செல்லாது.

பாரதியின் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் பலரும் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். ஆனால் கொஞ்சம் நிற்க வேண்டிய இடம் இது. எழுத்துக்குச் சொந்தக்காரர் கடற்கரை ஊரில் பத்திரமாக இருந்தார், காகிதத்தில் பெயர் இருந்தவர் சிறைக்குப் போனார். பாரதி அன்றைக்குச் சரணடைந்திருந்தால் பாஞ்சாலி சபதமோ குயில் பாட்டோ நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். செக்கிழுத்த வ.உ.சி.யின் உடம்பு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும். அதற்காக சீனிவாசன் கொடுத்த விலை குறைந்துவிடாது. தணிக்கைச் சட்டத்தின் அடி எழுதியவர் மேல் மட்டுமே விழுவதில்லை. அச்சடிப்பவர், பெயர் கொடுப்பவர், தபாலில் வாங்குபவர் என்று வரிசையாக விழும்.

எல்லை தாண்டினால் தணிக்கை நிற்குமா?

சாமல்பட்டி, ஊத்தங்கரை, ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு எல்லை என்பது தினசரி விஷயம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் போர்டு கன்னடத்துக்கு மாறும், வண்டி நம்பர் மாறும், பெட்ரோல் விலை மாறும். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். பாரதி தாண்டிய எல்லையோ ஒருவழிப் பாதை. திரும்பினால் கைது. அங்கே அவர் 10 வருஷம் இருந்தார்.

முதலில் நல்லாத்தான் போனது. 1908 அக்டோபரிலேயே ‘இந்தியா’ புதுச்சேரியிலிருந்து மறுபடி வெளிவந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் அச்சு, பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வாசகர்கள். பிரிட்டிஷ் அரசால் அச்சகத்தைத் தொட முடியவில்லை. அதனால் தபாலைத் தொட்டது.

புதுச்சேரிக்குள்ளேயே பிரிட்டிஷ் இந்தியத் தபால் நிலையம் ஒன்று இயங்கியது. அங்கே கடிதங்கள் பிரிக்கப்பட்டன, பத்திரிகைக் கட்டுகள் நிறுத்தப்பட்டன. அச்சடித்த பத்திரிகை சந்தாதாரருக்குப் போகாது, சந்தா பணம் பத்திரிகைக்கு வராது. இன்றைய மொழியில் சொன்னால், சைட் ஓடுகிறது, ஆனால் உங்கள் ஊரில் மட்டும் திறக்காது. 1910 மார்ச்சோடு ‘இந்தியா’ நின்றது. பாரதி கை வைத்த ‘விஜயா’ போன்ற மற்ற பத்திரிகைகளும் நிலைக்கவில்லை.

அதே 1910-ல் இந்தியப் பத்திரிகைச் சட்டம் வந்தது. புதிதாக அச்சகம் தொடங்குபவர் 500 முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கட்ட வேண்டும். அரசுக்குப் பிடிக்காத ஒன்றை அச்சடித்தால் அந்தப் பணம் போய்விடும். எந்தப் புத்தகத்தையும் பறிமுதலுக்கு உரியது என்று அறிவிக்கவும் அரசுக்கு அதிகாரம். இந்தச் சட்டத்தின் சாமர்த்தியம் என்னவென்றால், தணிக்கை அதிகாரி எல்லாவற்றையும் உட்கார்ந்து படிக்க வேண்டியதே இல்லை. பணம் போகும் பயத்தில் அச்சகக்காரரே தணிக்கை அதிகாரி ஆகிவிடுவார்.

1911 ஜூனில் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டதும் நிலைமை இன்னும் மோசமானது. புதுச்சேரியில் இருந்த அகதிகள் எல்லாருமே சந்தேக வட்டத்துக்குள் வந்தார்கள். வெளியூர்க்காரர்கள் உள்ளூர்ப் பெரியவர்கள் ஐந்து பேரிடம் சான்று வாங்கிப் பதிவு செய்தால்தான் தங்கலாம் என்று ஒரு உத்தரவும் வந்தது. தெரு முனையில் ஒற்றர்கள். ‘சின்னச் சங்கரன் கதை’ என்ற பாரதியின் நகைச்சுவைப் படைப்பின் கையெழுத்துப் பிரதி ஒற்றர் கைக்குப் போய்விட்டதாக நண்பர்களின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன. இன்றைக்கு நமக்குக் கிடைப்பது அதன் ஒரு பகுதி மட்டும்தான்.

ஒரு கனவும் ஒரு காதல் கதையும்

தணிக்கையின் உச்சம் 1911-ல் வந்தது. சென்னை அரசு பாரதியின் இரண்டு சிறு நூல்களைத் தடை செய்தது. ஒன்று ‘கனவு’, இன்னொன்று ‘ஆறில் ஒரு பங்கு’.

‘கனவு’ வெடிகுண்டு செய்முறை இல்லை. பாரதி தன் கதையையே செய்யுளாகச் சொன்ன சின்னப் புத்தகம். சிறு வயசுக் காதல், தனக்குப் பிடிக்காத ஆங்கிலப் பள்ளிப் படிப்பு, அறியாத வயசில் நடந்த கல்யாணம், அப்பாவின் தொழில் நொடித்துப் போனது. இவ்வளவுதான். தமிழில் ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே கவிதையில் எழுதிய ஆரம்ப முயற்சிகளில் ஒன்று. அதையும் அரசு ஆபத்து என்று முடிவு கட்டியது.

‘ஆறில் ஒரு பங்கு’ ஒரு காதல் கதை. மீனாம்பாள், கோவிந்தராஜன் என்ற இரண்டு பேரைச் சுற்றி நடக்கும். தலைப்பில் இருக்கும் பங்கு ஒடுக்கப்பட்ட மக்களைக் குறிக்கிறது. மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்காக இருப்பவர்களைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு நாடு எப்படி விடுதலை கேட்க முடியும் என்பதுதான் கதையின் அடிநாதம். நூலையே அந்த உழைக்கும் மக்களுக்குத்தான் சமர்ப்பித்திருந்தார். அந்தக் கேள்வி வெள்ளைக்காரர்களைப் பார்த்து மட்டும் கேட்டது இல்லை, நம்மவர்களைப் பார்த்தும் கேட்டது. தடை விழுந்ததில் அந்தக் கேள்வியும் சேர்ந்து அமுங்கியது.

இங்கே நாவலை நினைத்துப் பாருங்கள். ஃபாரன்ஹீட் 451-ல் எரிப்பவர்கள் புத்தகத்தைப் படித்துப் பார்த்து நல்லது கெட்டது பிரிப்பதில்லை. புத்தகம் என்றாலே எரிப்பார்கள். 1911-ல் நடந்ததும் ஏறத்தாழ அதேதான். பாரதி என்கிற பெயர் அட்டையில் இருந்தால் போதும், உள்ளே கனவு இருந்தாலும் தடை.

மறைத்துச் சொல்வது எப்படி?

நேராகப் பேச வழி அடைபட்டால் எழுத்து குறியீட்டுக்குள் போகும். பாரதியின் பெரிய படைப்புகள் புதுச்சேரியில்தான், அதுவும் பெரும்பாலும் 1912-ஐ ஒட்டித்தான் உருவானது தற்செயல் இல்லை. பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, கீதை மொழிபெயர்ப்பு எல்லாம் அந்தக் காலத்தில் வந்தவை.

பாஞ்சாலி சபதத்தை எடுத்துக்கொள்வோம். மேலோட்டமாகப் பார்த்தால் மகாபாரதக் கதை. கட்டைவிரல் அளவு ராஜத்துரோகமும் அதில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சபையில் இழுத்துவரப்பட்ட பாஞ்சாலியை பாரத நாடாகப் படித்துப் பாருங்கள். நாட்டைச் சூதாட்டத்தில் வைத்துத் தோற்ற தருமன் யார்? அநியாயம் கண்முன்னே நடக்கும்போது சட்டம் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பீஷ்மர் யார்? வேடிக்கை பார்க்கும் ஊர்ச் சனம் யார்? அன்றைக்கு வாசித்தவர்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. புராணக் கதையைத் தடை செய்ய அரசாலும் முடியாது. முதல் பாகம் 1912-ல் அச்சில் வந்தது.

இன்னொரு குறியீடு, தீ. பிராட்பரியின் நாவலில் தீ முதலில் அழிவின் சின்னம். கடைசியில் குளிர்காயும் நெருப்பாக, மனிதர்களைச் சேர்க்கும் நெருப்பாக மாறும். பாரதியிடம் ஆரம்பத்திலிருந்தே தீ எழுதுபவனின் பக்கம்தான். ‘அக்கினிக் குஞ்சு’ என்ற அவருடைய சின்னஞ்சிறு பாட்டில் ஒரு பொறிக்குள் முழுக் காட்டையே எரிக்கும் வேகம் இருக்கும். அதில் அரசு, விடுதலை என்ற வார்த்தைகள் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாவது வழி, புனைபெயர். 1915 வாக்கில் சுதேசமித்திரனில் அவர் எழுத்து மறுபடி வரத் தொடங்கியபோது சக்திதாசன், காளிதாசன் போன்ற பெயர்களில் வந்தது.

நம்ம பக்கத்துத் தொடர்பு

இந்தக் கதையில் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக்கும் பங்கு உண்டு. பாரதியின் ‘சின்னச் சங்கரன் கதை’யின் மிச்சப் பகுதி வெளிவந்தது ‘ஞானபாநு’ என்ற பத்திரிகையில். அதை நடத்தியவர் சுப்பிரமணிய சிவா. சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு 1912-ல் வெளியே வந்த சிவா, 1913-ல் இந்தப் பத்திரிகையைத் தொடங்கி, புதுச்சேரியில் முடங்கிக் கிடந்த நண்பருக்கு இடம் கொடுத்தார். பேசியதற்காக உடம்பை இழந்தவர், எழுதியதற்காக ஊரை இழந்தவருக்குப் பக்கம் ஒதுக்கினார்.

சிவாவின் கடைசிக் காலம் தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில். தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏற விடாததால் கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். 1925 ஜூலை 23-ல் பாப்பாரப்பட்டியில் இறந்தார். சாமல்பட்டியிலிருந்து அந்த ஊர் ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம்தான், அவருடைய நினைவிடம் அங்கே இருக்கிறது.

இன்னொருவர் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. 1919-ல் காந்தி சென்னை வந்தபோது தங்கியது ராஜாஜி இருந்த வீட்டில். பாரதி விறுவிறுவென்று உள்ளே வந்து, கடற்கரையில் தன் கூட்டத்துக்குத் தலைமை தாங்க முடியுமா என்று கேட்டு, நேரமில்லை என்றதும் காந்தியின் இயக்கத்தை வாழ்த்திவிட்டு வந்த வேகத்தில் கிளம்பினார். போனது யார் என்று காந்தி கேட்க, எங்கள் நாட்டுக் கவி என்று ராஜாஜி அறிமுகம் செய்தார் என்பது வ.ரா. பதிவு செய்த சம்பவம்.

1918: அந்தக் கையெழுத்து

பத்து வருஷ அஞ்ஞாதவாசம் பாரதியைத் தேய்த்துவிட்டது. காசு இல்லை, பத்திரிகை இல்லை, இரண்டு பெண் குழந்தைகள். 1918 நவம்பர் 20-ல் புதுச்சேரியை விட்டுக் கிளம்பினார். எல்லை தாண்டியதும் கைது. கடலூர் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார்.

சிறையிலிருந்து ஆளுநர் பென்ட்லண்ட்டுக்கு மனு எழுதினார். அரசியலை விட்டுவிட்டதாகவும், அரசுக்கு விசுவாசமாக இருப்பதாகவும் அதில் உறுதி கொடுத்தார். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் போன்றவர்கள் பேசிப் பார்த்தார்கள். டிசம்பர் 14-ல் நிபந்தனைகளோடு விடுதலை. குறிப்பிட்ட மாவட்டங்களில்தான் வசிக்க வேண்டும், அரசியலில் ஈடுபடக் கூடாது, எதை வெளியிடுவதாக இருந்தாலும் முன்கூட்டியே சி.ஐ.டி. போலீஸ் அதிகாரியிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும்.

அச்சமே கிடையாது என்று ஊருக்குச் சொன்ன கவிஞர் இப்படிக் கையெழுத்துப் போடலாமா? அப்படிக் கேட்பது சுலபம். ஆனால் தணிக்கை அமைப்பு எதிர்பார்ப்பதே இந்தக் கேள்வியைத்தான். ஒருவரை வளைய வைத்துவிட்டு, பார்த்தீர்களா வளைந்துவிட்டார் என்று ஊரிடம் காட்டுவது அதன் பழைய தந்திரம். பாரதி வீரம் குறைந்து வளைந்தார் என்று சொல்வதைவிட, 36 வயதில் பசியும் களைப்புமாக எழுத்துக்குத் திரும்ப ஒரு வழி தேடினார் என்று சொல்வது உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். மனைவியின் ஊரான கடையத்தில் தங்கினார். கட்டுப்பாடுகள் விலகியதும், 1920 நவம்பரில் சென்னை வந்து சுதேசமித்திரனில் மறுபடி சேர்ந்தார். முதல் வேலைக்குச் சேர்ந்து சரியாக 16 வருஷம் கழித்து அதே ஆபீஸ்.

மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்

1920-ல் பாரதி ஒரு பிசினஸ் பிளான் போட்டார். ஆமாம், உண்மையாகவே. தன் எழுத்து எல்லாவற்றையும் 40 புத்தகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சடிப்பது. அதற்குப் பணம் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிடச் சாதாரணமாக, வேகமாகத் தன் புத்தகங்கள் விற்கும் என்று அதில் நம்பிக்கை தெரிவித்திருந்தார்.

பிராட்பரியின் நாவலில் மண்ணெண்ணெயும் தீக்குச்சியும் புத்தகத்தின் எதிரிகள். பாரதிக்கோ அவை ஒவ்வொரு ஏழை வீட்டிலும் இருக்கிற, விளக்கேற்றுகிற பொருட்கள். அந்த இடத்துக்குப் புத்தகமும் போக வேண்டும் என்பது அவர் ஆசை. பணம் வரவில்லை. திட்டம் நடக்கவில்லை. இந்தத் தோல்வியில் போலீஸுக்குப் பங்கில்லை, வாசகர் கூட்டம் அப்போது உருவாகியிருக்கவில்லை. ஃபாரன்ஹீட் 451-லும் இதுதான் கசப்பான உண்மை. அரசு புத்தகத்தை எரிக்கத் தொடங்குவதற்கு முன்பே மக்கள் படிப்பதை நிறுத்தியிருப்பார்கள்.

1921-ல் திருவல்லிக்கேணி கோயில் யானை பாரதியைத் தள்ளிவிட்டது. காயத்திலிருந்து தேறி வேலைக்கும் போனார். பிறகு வயிற்றுக் கோளாறு வந்து, செப்டம்பர் 12 அதிகாலையில் இறந்தார். வயது 38. இறுதி ஊர்வலத்தில் மிகச் சிலரே நடந்தார்கள்.

1928: இறந்தவர் மேல் ரெய்டு

செல்லம்மாவும் பிறகு உறவினர்களும் விடாமல் புத்தகம் போட்டார்கள். பாரதி பிரசுராலயம் உருவானது. விற்பனை சூடுபிடித்த நேரத்தில், 1928-ல், தடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. பர்மாவிலிருந்து.

பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஏராளமான தமிழர்கள் அங்கே வேலை செய்தார்கள், பாட்டும் கூடவே போயிருந்தது. பர்மா அரசு ‘ஸ்வதேச கீதங்க’ளைப் பறிமுதல் செய்ய உத்தரவு போட்டது. சட்டப்படி ஒரு மாகாணம் பறிமுதல் உத்தரவு போட்டால், பிரிட்டிஷ் இந்தியாவில் எங்கே அந்தப் புத்தகம் இருந்தாலும் எடுக்கலாம். ரங்கூனில் போட்ட கையெழுத்தை வைத்துக்கொண்டு செப்டம்பரில் சென்னை போலீஸ் பாரதி பிரசுராலயத்தில் நுழைந்து, சுமார் 2,000 பிரதிகளை எடுத்துக்கொண்டு போனது.

அக்டோபரில் சென்னை சட்டசபையில் எஸ். சத்தியமூர்த்தி ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். தடை செய்யப்பட்ட பாட்டுகளையே சபையில் எடுத்துச் சொல்லி வாதாடினார். புத்தகத்தைப் பறிக்கலாம், சட்டசபையில் பேசியதை என்ன செய்வது? தீர்மானம் பெரும் வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. 7 வருஷம் முன்பு சுடுகாட்டுக்குக்கூட ஆள் வராத கவிஞருக்காக ஊரே பேசியது. பிறகு தடை நீங்கியது, புத்தகங்கள் மறுபடி அச்சேறின.

தடை தோற்றதற்கு சட்டசபை ஒரு காரணம்தான். இன்னொரு காரணம் இன்னும் எளிமையானது. ஊர்வலத்தில், பஜனையில், நாடக மேடையில் அந்தப் பாட்டுகள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. எழுத்து தெரியாதவர்களும் பாடினார்கள். பிராட்பரி கற்பனை செய்த நடமாடும் புத்தகங்கள் இங்கே நிஜமாகவே நடமாடின.

கடைசிப் பூட்டு

இதோடு கதை முடிந்துவிடவில்லை. அரசுப் பூட்டு திறந்ததும் சந்தைப் பூட்டு விழுந்தது. பாரதி பாட்டுகளின் இசைத்தட்டு உரிமை தனியாருக்கு விற்கப்பட்டு, 1940-களில் ஏ.வி. மெய்யப்பன் கைக்கு வந்தது. 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் தமிழ்நாடெங்கும் ஒலித்தன. ஆனால் வேறு யாராவது நாடகத்திலோ படத்திலோ பாட வேண்டும் என்றால் உரிமை கேட்க வேண்டிய நிலை. எழுத்தாளர்களும் கலைஞர்களும் எதிர்ப்புக் குரல் எழுப்பினார்கள். மெய்யப்பன் உரிமையை விட்டுக்கொடுக்க, 1949-ல் அரசு பாரதியின் படைப்புகளைப் பெற்றுக்கொண்டது. பின்னர் அவை பொதுவுடைமை ஆகின.

நீங்கள் இன்றைக்கு போனில் பாரதி பாட்டைத் தேடி, யாரிடமும் கேட்காமல், காசு கொடுக்காமல் படிக்க முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் இத்தனை பூட்டுகள் உடைந்த வரலாறு இருக்கிறது. ‘கனவு’ இப்போது ‘சுயசரிதை’ பகுதியில் கிடைக்கும். ‘ஆறில் ஒரு பங்கு’ ஒரு டீ பிரேக்கில் படித்து முடிக்கிற அளவுதான். சேலம் வண்டி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், சாமல்பட்டியிலிருந்து மொரப்பூர் போவதற்குள் பாதிக்கு மேல் படித்துவிடலாம். 1911-ல் அதைக் கையில் வைத்திருந்தவர் அதே ரயிலில் மறைத்துத்தான் படித்திருப்பார்.